ஏழாம் அத்தியாயம்: அமிகாவில் கிக்ஸ்டார்ட்டின் பரீட்சைப் பதிப்புகளை ஏற்றும் முறை

1985-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நியூயார்க் நகரின் லிங்கன் சென்டரில், கமடோர் நிறுவனம் அமிகா 1000 என்னும் வீட்டுக் கணினியை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அந்த யந்திரத்தின் மின்னணுவியல் பூர்த்தியாகியிருந்ததே தவிர, அதை இயக்க வேண்டிய அடிப்படை மென்பொருளாகிய கிக்ஸ்டார்ட் இன்னும் ஸ்திரமான நிலையை எய்தியிருக்கவில்லை. அன்றாடம் திருத்தங்களுக்கு உட்பட்டிருந்த ஒன்றை, பின்னர் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி ரோம் சில்லில் பொறித்து விற்பது விவேகமாகாது என்று கருதியவர்கள், 256 கிலோபைட் அளவுள்ள தனி நினைவகம் ஒன்றை யந்திரத்துக்குள்ளேயே அமைத்து, ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும் கிக்ஸ்டார்ட்டை ஃபிளாப்பியிலிருந்து அதில் நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆகவே, இந்த அத்தியாயம் கற்பிக்கப்போகும் காரியம் பிற்கால ஆர்வலர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி அன்று. அமிகா பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்த வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு இன்றும் தேவை இருக்கிறது. கமடோர் நிறுவனம் 1994-இல் மூடப்பட்ட பிறகும் கிக்ஸ்டார்ட்டின் வளர்ச்சி நின்றுவிடவில்லை, 2018-இல் 3.1.4 என்ற பதிப்பும், 2021-இல் 3.2 என்ற பதிப்பும் ஹைபீரியன் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தன. இவற்றைப் போன்ற ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் முன்னர், பலவிதமான அமிகாக்களை வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த யந்திரங்களில் அதை ஏற்றி, ஓட்டி, குற்றம் குறைகளை எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் புதிதாகத் தயாராகாத ஒரு யந்திரத்தை இந்தப் பணியில் ஈடுபடுத்துகிறவர், அதைப் பழுதின்றித் திரும்பப் பெறுவதற்கும் பொறுப்பேற்கிறார். அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய நிலைக்கு மீளும் வழி நிச்சயமாகாத வரையில், புதிய பதிப்பை ஏற்றலாகாது.

மின்சாரம் பாய்வது முதல் திரை தெளிவது வரை

எதை மாற்றப்போகிறோம் என்பது விளங்கினாலொழிய, மாற்றியதன் விளைவும் விளங்காது. அமிகாவின் மோட்டரோலா 68000 செயலி, விழித்தவுடன் பூஜ்ய முகவரியிலிருந்து இரண்டு எண்களைப் படித்து, அவற்றில் இரண்டாவது சுட்டும் இடத்துக்குச் செல்வது அதன் இயல்பு. பூஜ்ய முகவரியில் சாதாரணமாக இருப்பது ராம். மின்சாரம் வந்த கணத்தில் அதில் பொருளுள்ள எதுவும் இராது. ஆகையால், தொடக்கத்தில் மட்டும் ரோம் அந்த இடத்திலும் தோன்றும்படி மின்சுற்று ஏற்பாடு செய்திருக்கிறது. செயலி ரோமின் சொந்த முகவரிக்குத் தாவியபின் அந்தத் தோற்றம் விலக்கப்படுகிறது. ரோமின் சொந்த இடம், 16 மெகாபைட் முகவரிப் பரப்பின் உச்சி. 1.3 வரையிலான கிக்ஸ்டார்ட்டுகள் அதன் கடைசி 256 கிலோபைட்டிலும், 2.04 முதலானவை கடைசி 512 கிலோபைட்டிலும் குடியிருக்கின்றன.

தன் இடத்தை அடைந்த கிக்ஸ்டார்ட் முதலில் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்கிறது. பிம்பம் எனப்படும் கிக்ஸ்டார்ட்டின் முழு நகலிலுள்ள 32-பிட் எண்கள் யாவற்றையும், மிகுதியையும் சேர்த்துக் கூட்டினால், எல்லா பிட்டுகளும் ஒன்றாக அமைந்த எண் வர வேண்டும். இதையே செக்சம் என்கிறோம். பின்பு நினைவகத்தையும் தனிச் சில்லுகளையும் பார்வையிட்டு, எக்ஸெக் என்னும் மூல அங்கத்தை எழுப்புகிறது. எக்ஸெக், ரோம் முழுவதையும் தேடி, அங்கங்கே குறியீடு பொறித்து வைக்கப்பட்டிருக்கும் ஏனைய அங்கங்களைக் கண்டு, அவற்றின் முன்னுரிமைக் கிரமப்படி ஒவ்வொன்றாக எழுப்புகிறது. படம் வரைவது, சாளரம் காட்டுவது, கோப்பு முறைமை, ஹார்ட் டிஸ்க்கை ஆளும் ஸ்கஸி.டிவைஸ் ஆகிய யாவும் இவ்விதத் தனித்தனி அங்கங்களே. ஒரு பரீட்சைப் பதிப்பு கிக்ஸ்டார்ட் முழுவதையும் மாற்றுவதாக இருக்கலாம். ஓர் அங்கத்தை மட்டும் மாற்றுவதாகவும் இருக்கலாம். இவ்விரண்டில் எது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூர்வாங்க ஏற்பாடுகள்

முதலாவதாக, யந்திரத்தின் தற்போதைய நிலையை எழுதி வையுங்கள். ஷெல்லில் வெர்ஷன் என்ற கட்டளையைக் கொடுத்தால் கிக்ஸ்டார்ட்டின் எண் திரையில் வரும். 34.5 என்பது 1.3, 37.175 என்பது 2.04, 39.106 என்பது 3.0, 40.63, 40.68 ஆகியவை 3.1, 46.143 என்பது 3.1.4, 47.96 என்பது 3.2. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையோ, விற்றவரின் வாய்மொழியையோ நம்ப வேண்டாம். யந்திரம் தன் வாயால் சொல்வதே சாட்சி. ஷோகன்ஃபிக் என்ற கருவி, செயலி எது, நினைவகம் எங்கெங்கே எவ்வளவு, விரிவாக்க அட்டைகள் எவை என்பவற்றைத் தெரிவிக்கும். அதையும் பிரதி எடுத்து வைத்தல் நலம்.

இரண்டாவதாக, உங்கள் யந்திரத்தின் சொந்த ரோமைக் கோப்பாக எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒப்புநோக்குவதற்கும், எமுலேட்டரில் உபயோகிப்பதற்கும் இது வேண்டும். கிக்ஸ்டார்ட் காப்புரிமை உள்ள பொருள் என்பதையும் இங்கே நினைவுறுத்துகிறேன். பழைய பதிப்புகளை உரிமத்துடன் விலைக்குப் பெற க்ளோவான்டோ நிறுவனத்தின் அமிகா ஃபாரெவர் தொகுப்பு உண்டு; பரீட்சைப் பதிப்பு எந்த நிபந்தனையின் பேரில் உங்களுக்கு அளிக்கப்பட்டதோ, அந்த நிபந்தனையைக் காப்பது உங்கள் நாணயம்.

மூன்றாவதாக, பரீட்சைக்கென்றே தனி ஹார்ட் டிஸ்க்கோ, அதற்கு ஈடாக காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையோ ஒன்றை ஒதுக்கி, அதன் கொள்ளளவு 4 கிகாபைட்டுக்குக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவைச் சும்மா சொல்லவில்லை; காரணத்தைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியமாகிறது. 3.1-உம் அதற்கு முந்தியவையும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரிடத்தைக் குறிக்க 32 பிட் அளவுள்ள பைட் எண்ணையே உபயோகித்தன. 4 கிகாபைட்டைத் தாண்டிய இடத்தில் எழுதச் சொன்னால், அந்த எண் நிரம்பி வழிந்து மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விளைவாக, ஹார்ட் டிஸ்க்காகிய தட்டின் கோடியில் எழுதப்பட வேண்டியது அதன் ஆரம்பத்தில், பகுதிப் பட்டியலின் மேலும் முதல் பகுதியின் மேலும் எழுதப்பட்டுவிடும். 3.1.4 போன்ற புதிய பதிப்புகள் இந்த எல்லையைக் கடந்துவிட்டன. அவற்றின் உதவியால் பெரிய தட்டொன்றைப் பகுதி பிரித்து, கோப்புகளை நிரப்பி, எல்லாம் சரியாக நடக்கிறதென்று மகிழ்ந்திருப்பவர், மறுநாள் பழைய ரோமுடன் யந்திரத்தை எழுப்பி, கோடியிலுள்ள பகுதியில் ஒரு கோப்பைச் சேமித்தாரானால், முந்திய நாள் உழைப்பு முழுவதும் நாசமாகும்.

நினைவகத்தில் ஏற்றிப் பார்க்கும் முறைகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஏனெனில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் எழுவது உண்மை ரோம்தான். அதுவே தட்டின் பகுதிகளைத் திறந்து, தொடக்கக் கட்டளைகளை ஓட்டி, அதன் பின்னரே பரீட்சைப் பதிப்புக்கு இடம் கொடுக்கிறது. ஒரே தட்டை இரண்டு வெவ்வேறு பதிப்புகள் மாறி மாறி ஆளுகின்றன என்பதை மறவாதிருந்தால், அருமையான கோப்புகள் உள்ள தட்டைக் கழற்றி வைத்துவிட்டே பரீட்சையைத் தொடங்குவீர்கள். பரீட்சைப் பதிப்பால் அமிகாவின் சில்லுகள் கெடுவது மிக அரிது. கெடுவது அநேகமாக எப்போதும் தட்டில் உள்ள எழுத்தே.

நான்காவதாக, யந்திரத்தின் ரோமைக் கொண்டே எழக்கூடிய, ஒர்க்பெஞ்ச் என்னும் அமிகாவின் திரைச் சூழல் அடங்கிய ஃபிளாப்பி ஒன்றை எழுதி, அது உண்மையாகவே எழுகிறதா என்று பார்த்து, எழுதாமல் தடுக்கும் தாழ்ப்பாளைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வேறு எதுவும் உதவாத நேரத்தில் இது உதவும்.

முதற்படி: எமுலேட்டர்

கைக்கு வந்த பிம்பத்தை முதலில் வின்யுஏஇ அல்லது எஃப்எஸ்-யுஏஇ என்ற எமுலேட்டரில் எழுப்பிப் பார்ப்பது நன்று. பிம்பம் முழுமையாக வந்து சேர்ந்ததா, செக்சம் பொருந்துகிறதா, உங்கள் மாதிரிக்கு உரியதுதானா என்ற மூன்று கேள்விகளுக்கும் இங்கேயே விடை கிடைத்துவிடும். அமிகா 1200-க்கு உரிய பிம்பமும் அமிகா 500-க்கு உரியதும் ஒரே பதிப்பு எண்ணைத் தாங்கியிருந்தாலும், உள்ளே அடங்கிய அங்கங்கள் வேறுபடும். 1200-இல் ஹார்ட் டிஸ்க்கை ஆளும் அங்கம் ரோமிலேயே இருக்க, 500-இல் அது விரிவாக்கப் பெட்டியின் சொந்த ரோமிலிருந்து வர வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிய பிம்பம் உண்மை யந்திரத்திலும் தவறாமல் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபிளாப்பி மோட்டாரின் தாமதம், பழைய ஹார்ட் டிஸ்க் விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரம், விரிவாக்க அட்டைகளின் தனிக் குணங்கள் ஆகியவற்றை எமுலேட்டர் முற்றிலும் காட்டுவதில்லை. உண்மை யந்திரத்தை வைத்திருப்பவரின் சேவை வேண்டப்படுவதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

இரண்டாம் படி: நினைவகத்தில் ஏற்றுதல்

இங்கே வழிகள் பல. உங்கள் யந்திரத்துக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அமிகா 1000 உள்ளவருக்குக் காரியம் மிகச் சுலபம். கிக்ஸ்டார்ட் ஃபிளாப்பியைக் கேட்கும் கையின் படம் திரையில் தோன்றும்போது, பரீட்சைப் பிம்பம் எழுதிய ஃபிளாப்பியைச் செருகினால் போதும். பிம்பம் நிரம்பியதும் அந்த நினைவகம் எழுத முடியாதபடி பூட்டப்பட்டு, ரோம் போலவே நடந்துகொள்கிறது. ரீசெட் செய்தாலும் அழிவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் மறைந்துவிடுகிறது. ஆயினும் அந்த நினைவகம் 256 கிலோபைட்டே ஆதலால், 512 கிலோபைட் பிம்பங்களுக்கு அதில் இடமில்லை.

1990-இல் வெளிவந்த அமிகா 3000-இன் ஆரம்பகால யந்திரங்களில், 2.0 அப்போது தயாராகாமையால், 1.4 என்ற எண்ணைத் தாங்கிய பரீட்சை நிலை ரோம் ஒன்றே வைக்கப்பட்டிருந்தது. உண்மைக் கிக்ஸ்டார்ட்டை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ ஃபிளாப்பியிலிருந்தோ ராமில் ஏற்றி, 68030 செயலியின் எம்எம்யு என்னும் நினைவக மேலாண்மைப் பகுதியைக் கொண்டு அதை ரோமின் முகவரியில் தோன்றச் செய்வதே அதன் வேலை. மின்சாரம் கொடுக்கும்போது சுண்டெலியின் இரு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டிருந்தால், எந்தப் பதிப்பை எங்கிருந்து ஏற்றலாம் என்ற பட்டியல் வரும். பரீட்சைக்கு இதைவிடப் பொருத்தமான அமிகா இல்லை. இத்தகைய யந்திரம் உங்களிடம் இருந்தால், அந்த ரோமைக் கழற்றிவிட்டு நிலையான 2.04 சில்லுகளைப் பொருத்த அவசரப்பட வேண்டாம்.

மற்ற அமிகாக்களில் ஆக்ஸிலரேட்டர் அட்டை இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. ஜெர்மனியின் ஃபேஸ் 5 நிறுவனம் செய்த பிளிஸார்ட் 1230 போன்ற அட்டைகளில் மேப்ரோம் என்ற ஜம்பர் உண்டு. அதைப் பொருத்தியதும் அட்டையின் ராமில் 512 கிலோபைட் ஒதுக்கப்பட்டு, ரோமின் முகவரிக்கு வரும் கேள்விகளுக்கு அந்த ராமே விடை சொல்லத் தொடங்குகிறது. பிளிஸ்கிக் என்ற நிரலிடம் பிம்பக் கோப்பைக் கொடுத்தால், அதை அங்கே நிரப்பி யந்திரத்தை ரீசெட் செய்துவிடும். பிற்காலத்து ஏசிஏ அட்டைகளிலும் இதே வசதி அவற்றுக்குரிய நிரலின் மூலம் கிடைக்கிறது.

ஆக்ஸிலரேட்டர் இல்லாத 68000 யந்திரங்களில் எஸ்கிக் என்ற நிரல் பிம்பத்தைச் சாதாரண ராமில் ஏற்றுகிறது. இதன் எல்லையைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கிக்ஸ்டார்ட் தான் முகவரிப் பரப்பின் உச்சியில் இருப்பதாகவே எண்ணி எழுதப்பட்ட நிரல். அதன் உள்ளே நூற்றுக்கணக்கான இடங்களில் அந்த முகவரிகள் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முகவரியைத் திரித்துக் காட்ட எம்எம்யுவோ மேப்ரோமோ இல்லாதபோது, அவை ஒவ்வொன்றையும் ராமின் முகவரிக்கு ஏற்றபடி திருத்த வேண்டியிருக்கிறது. எந்தெந்த இடத்தைத் திருத்துவது என்ற அட்டவணைக் கோப்பு, பிரசித்தமான ஒவ்வொரு பதிப்புக்கும் தனியே தயாரிக்கப்பட்டிருக்கிறது. நேற்றுத் தயாரான பரீட்சைப் பிம்பத்துக்கு அது இராது. வேறொரு பதிப்பின் அட்டவணையைக் கொடுத்து முயல்வது விபரீதத்தில் முடியும். ஆகவே, எஸ்கிக் பழைய பதிப்புகளுக்கிடையே ஒப்புநோக்க உதவுமேயன்றி, புதிய பரீட்சைக்குப் பெரும்பாலும் உதவாது.

அமிகா 1200-இன் சொந்தச் செயலியான 68இசி020-இலும், விலை குறைந்த பல அட்டைகளில் உள்ள 68இசி030-இலும் எம்எம்யு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணின் நடுவே வரும் அந்த இரண்டு எழுத்துகளைக் கவனியாமல், எம்எம்யுவை நம்பும் நிரலை ஓட்டி, யந்திரம் பழுதென்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

ஓர் அங்கத்தை மட்டும் மாற்றுதல்

கைக்கு வந்தது முழுப் பிம்பமன்றித் தனி அங்கமாயின், 3.1.4 முதற்கொண்டு லோட்மாட்யூல் என்ற கட்டளை இருக்கிறது. ரீசெட் ஆன பின்னும் அழியாத அங்கங்களின் பட்டியல் ஒன்றை எக்ஸெக் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, இந்தக் கட்டளை புதிய அங்கத்தை ராமில் வைத்துப் பட்டியலில் சேர்த்து, யந்திரத்தை ஒருமுறை ரீசெட் செய்கிறது. மறுபடி எழும்போது எக்ஸெக் அந்த அங்கத்தையும் கணக்கில் கொள்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒரே பெயருள்ள இரண்டு அங்கங்களில் எதைத் தேர்வது என்று எக்ஸெக் தீர்மானிக்கும்போது, அங்கத்தின் தலைப்பில் பொறித்த பிரதான எண்ணையே பார்க்கிறது. புள்ளிக்குப் பின் வரும் திருத்த எண் அந்தத் தலைப்பில் இல்லை. ஆதலால் ஏற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் நின்றுவிடாமல், வெர்ஷன் கட்டளைக்கு அந்த அங்கத்தின் பெயரைக் கொடுத்து, உண்மையில் ஓடுவது புதியதுதானா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்யுங்கள். இரண்டாவது எச்சரிக்கை, தட்டில் உள்ள துணைக் கோப்புகளைப் பற்றியது. 512 கிலோபைட்டில் இடம் போதாமையால், 3.1.4 காலத்திலிருந்து சில மாதிரிகளில் ஒர்க்பெஞ்ச் லைப்ரரி ரோமிலிருந்து தட்டுக்கு மாற்றப்பட்டது. ரோம் ஒரு பதிப்பாகவும் தட்டில் உள்ளது வேறொரு பதிப்பாகவும் இருந்தால், பிழை எதனுடையதென்று எவராலும் சொல்ல முடியாமற் போகும்.

அங்கங்களைச் சேர்த்துப் புதுப் பிம்பம் கட்ட ரெமஸ், கேப்பிட்டோலைன் ஆகிய கருவிகள் உண்டு. கையால் ஒரு பைட்டைத் திருத்தினாலும், செக்சத்தை மறுபடி கணித்து எழுதிய பின்னரே பிம்பத்தை ஏற்ற வேண்டும்.

இறுதிப்படி: ஈப்ரோமில் எழுதுதல்

நினைவகத்தில் பல நாள் ஓடி, தட்டுக்கோ வேலைக்கோ தீங்கு செய்யாது என்று தெரிந்த பதிப்பை மட்டுமே, அழித்து மறுபடி எழுதக்கூடிய சில்லாகிய ஈப்ரோமில் எழுத வேண்டும். மின்சாரம் பாய்ந்த முதற்கணத்தின் நடத்தையை, அதாவது குளிர்ந்த நிலையிலிருந்து எழும்போது ஹார்ட் டிஸ்க் கிடைக்கிறதா, அட்டைகள் அடையாளம் காணப்படுகின்றனவா என்பவற்றை, இந்த முறையால் மட்டுமே மெய்யாகப் பரீட்சிக்க முடியும்; நினைவகத்தில் ஏற்றிய பதிப்பு எப்போதும் ஏற்கெனவே விழித்திருக்கும் தட்டையே சந்திக்கிறது.

அமிகா 500, 600, 2000 ஆகியவற்றுக்கு 27சி400 என்ற ஒற்றை ஈப்ரோம் போதும். 16 பிட் அகலமுள்ள இந்தச் சில்லில் எழுதும்போது, எழுதும் கருவியில் ஒவ்வொரு ஜோடி பைட்டுகளையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். மோட்டரோலாவின் பைட் வரிசை நேர்மாறானது என்பதே காரணம். அமிகா 1200-இன் பாதை 32 பிட் அகலமாதலால் இரண்டு சில்லுகள் வேண்டும். பிம்பத்தை 16 பிட் துண்டுகளாக ஒன்றுவிட்டு ஒன்று பிரித்து, மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு கோப்புகளாக்கி, 27சி400-இன் கொள்ளளவு நிரம்பும்படி ஒவ்வொன்றையும் இருமுறை அடுத்தடுத்து எழுதுவது வழக்கம்.

1200-இன் சாக்கெட்டுகளில் 42 துளைகள் இருக்க, சில்லுக்கு 40 கால்களே உண்டு. முதல் துளையும் கடைசித் துளையும் வெறுமையாக விடப்பட வேண்டும். ஒரு துளை தள்ளிச் செருகி மின்சாரம் கொடுத்தால், சில்லு கொதித்து அழியும். 256 கிலோபைட் ரோமை மனத்தில் கொண்டு வடிவமைத்த ஆரம்பகால அமிகா 500 பலகைகளில், 512 கிலோபைட் சில்லுக்காக ஒரு முகவரிக் கம்பியின் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும். பலகையில் அச்சிட்ட திருத்த எண்ணைப் பார்த்து, அதற்குரிய வரைபடத்தோடு ஒப்பிட்டே கைவையுங்கள். கழற்றிய மூலச் சில்லை நிலைமின்சாரம் தாக்காத கருநிறப் பஞ்சில் குத்தி, உறையின் மேல் மாதிரியும் எண்ணும் எழுதி வையுங்கள். எழுதிய ஈப்ரோமின் கண்ணாடிச் சாளரத்தை ஒளி புகாத சீட்டால் மூடுவதும் மறக்கலாகாத காரியம்.

தோல்வியைப் படித்தல்

எழாத யந்திரமும் பேசுகிறது. திரை சிவப்பாக நின்றுவிட்டால் ரோமின் செக்சம் பொருந்தவில்லை. பிம்பம் சிதைந்தது என்று கொள்ளலாம். பச்சை, சிப் ராமின் பழுதைக் குறிக்கும். நீலம் தனிச் சில்லுகளைக் குறிக்கும். மஞ்சள் தோன்றினால், பிழைகளைப் பிடிக்கும் ஏற்பாடு அமைவதற்கு முன்பே செயலி தடுமாறியது என்று பொருள். பரீட்சைப் பதிப்பு ஒன்றில் மஞ்சள் தோன்றுவது மென்பொருளின் பிழையாக இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு. பச்சையும் நீலமும் பழைய ரோமுடனும் தோன்றுகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எழுந்த பின் வரும் வீழ்ச்சிகளுக்குச் சிவப்புக் கட்டத்துள் எண் காட்டப்படும். 8000 0003 என்பது ஒற்றைப்படை முகவரியைத் தவறாக அணுகியது. 8000 0004 என்பது செயலி அறியாத கட்டளை. 8100 0005 என்பது நினைவகப் பட்டியல் சிதைந்தது. எட்டில் தொடங்கும் எண், மீள முடியாத வீழ்ச்சியைக் குறிக்கும். இரண்டாவது தொகுதி எண்ணையும் சேர்த்து முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். பிழை திருத்துபவருக்கு அதில் பாதி விடை இருக்கிறது. சீரியல் போர்ட்டில் மற்றொரு கணினியை 9600 வேகத்தில் இணைத்து வைத்திருந்தால், கிக்ஸ்டார்ட்டுக்குள்ளேயே அடங்கிய சிறு பிழைதேடியை அணுகலாம். பழைய பதிப்புகளில் அதன் பெயர் ரோம்வேக், 3.0 முதல் சாட். எம்எம்யு உள்ளவர்கள் என்ஃபோர்சர் என்ற நிரலை ஓட்டினால், எந்த நிரல் எந்தத் தகாத முகவரியைத் தொட்டது என்ற செய்தி அதே போர்ட்டில் வரும். எந்த ரோமுடனும் எழாத யந்திரத்துக்கு டயக்ரோம் என்ற பரிசோதனை ரோம் இருக்கிறது. வன்பொருள் பழுதையும் மென்பொருள் பிழையையும் பிரித்தறிய அது பேருதவி செய்யும்.

பரீட்சையின் கிரமம்

ஒரு முறைக்கு ஒரே மாற்றம் என்பதைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுங்கள். புதிய கிக்ஸ்டார்ட்டையும், புதிய அட்டையையும், புதிய தட்டையும் ஒரே மாலையில் சேர்த்தவருக்கு, எது எதைக் கெடுத்தது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. தொடக்கக் கோப்பில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் துணை நிரல்கள் யாவற்றையும் விலக்கி, வெறும் ஒர்க்பெஞ்சுடன் முதலில் எழுப்புங்கள். பிறகு ஃபிளாப்பியில் எழுதுதல், பெரிய கோப்புகளைப் பிரதி எடுத்து ஒப்பிடுதல், திரை வகைகளை மாற்றுதல், பழைய விளையாட்டுகளையும் இசை நிரல்களையும் ஓட்டுதல், பலமுறை ரீசெட் செய்தல், மின்சாரத்தை அரை நிமிடம் நிறுத்தி மறுபடி கொடுத்தல் என்று கிரமமாகச் செல்லுங்கள்.

பிழை கண்டால், அதே காரியத்தைப் பழைய கிக்ஸ்டார்ட்டிலும் செய்து பாருங்கள். இரண்டிலும் தோன்றும் பிழை ஒருவகைச் செய்தி. புதியதில் மட்டும் தோன்றுவது வேறுவகைச் செய்தி. அறிக்கையில் பிம்பத்தின் பெயரும் செக்சமும், அங்கங்களின் பதிப்பு எண்களும், யந்திரத்தின் மாதிரியும், செயலியும், நினைவகமும், அட்டைகளும், ஏற்றிய முறையும், பிழையை மறுபடி வரவழைக்கும் வழியும் இருக்க வேண்டும். நினைவகத்தில் ஏற்றியதா, ஈப்ரோமிலிருந்து எழுந்ததா என்ற ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; அந்த வரி இல்லாத அறிக்கையைப் பெற்றவர், தொடக்க நிலைப் பிழைகளைப் பற்றி எதையும் நிச்சயிக்க இயலாது. பிழை ஏதும் தோன்றவில்லையானால் அதையும் எழுதுங்கள். எந்த அட்டையுடன் நன்றாக ஓடுகிறது என்பதும் வேண்டப்படும் அறிவே.

பரீட்சை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, ஜம்பரைப் பழைய நிலைக்குக் கொணர்ந்து, பரீட்சைத் தட்டைக் கழற்றி, பழைய தட்டுடன் எழுப்பி, வெர்ஷன் கட்டளை பழைய எண்ணையே சொல்கிறதா என்று பாருங்கள். அதன் பின்னரே அன்றைய வேலை முடிந்ததாகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த யந்திரங்கள் இன்று பயனோடு வாழ்வது, அவற்றின் மென்பொருளை எழுதுகிறவர்களால் மட்டுமன்று. வெவ்வேறு மாதிரிகளில் பொறுமையாக ஏற்றி, நேர்மையாகக் குறிப்பெழுதி அனுப்புகிறவர்களாலும்தான். உங்களிடம் அமிகா 1000-ஓ, ஆரம்பகால 3000-ஓ, அரிய அட்டை பொருத்திய 1200-ஓ இருக்குமாயின், அது அலமாரியில் காட்சிப்பொருளாக இருப்பதைவிட, மேசையில் பரீட்சைக்கு உதவுவது எவ்வளவோ மேல். மீளும் வழியை முன்னதாக அமைத்துக்கொண்டு, தயக்கமின்றித் தொடங்குங்கள்.